ஏரி தீர்த்தமாமோ?

மலைமேலுள்ள நீர்நிலைகளை நாடி, வழியறிந்த ஒருவரை முன்னிட்டுப் பல நாள் நடந்து செல்லும் வழக்கம் நம்மவரிடையே நாளும் பெருகி வருகின்றது. திருக்கயிலைக்கும் மானசவாவிக்கும் செல்ல விழைவோரை இந்திய அரசினர் 1981 முதல் குழுக்குழுவாக அனுப்பி வந்தனர். 2020இல் நின்றுபோன அச்செலவு 2025இல் மீளத் தொடங்கிற்று. மானசவாவி ஏறக்குறைய 15,000 அடி உயரத்தது. கயிலையை வலம்வரும் வழி 52 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வழியிற் கடக்கவேண்டிய தோல்மாக் கணவாயோ 18,000 அடிக்கும் மேற்பட்டது. முன்னொருகால் அங்ஙனம் சென்று, அவ்வாவியின் நீரைச் செம்பொன்றில் முகந்துகொண்டு மீண்ட அன்பர் ஒருவர் எம்மை நோக்கி, “அத்துணைத் தொலைவு செல்ல மாட்டாதார் நம் நாட்டு மலைகளிலேயே அத்தகைய நீர்நிலை கண்டு ஆடலாகாதோ? நீலமலையில் ஏரிகள் பல உளவே” என வினாவினார். அவ்வினாவே எம்மை மூன்று நாள் நடக்கச் செய்தது. இக்கட்டுரையையும் எழுதச் செய்தது.

முதற்கண் ஒன்று கூறவேண்டும். நீலமலையில் ஏரியென வழங்குவனவற்றுள் பெயர்பெற்றவை அனைத்தும் மக்கள் ஆக்கியவை. உதகை ஏரி, கோயமுத்தூர்த் தண்டலாளராய் இருந்த சான் சல்லிவன் என்பார் 1823க்கும் 1825க்கும் இடையே ஓடைகளை மறித்து ஆக்குவித்தது. பைக்காரா ஆற்றினின்று மின்னாற்றல் எடுக்கும் பணி 1929இல் தொடங்கி, 1932இல் மின் பிறந்தது. முக்குருத்தி அணை 1938இல் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேற்பவானி என்னும் பெருநீர்த்தேக்கங்கள் இந்தியா விடுதலை பெற்றபின், கொழும்புத் திட்டத்தின்வழிக் கனடா நாட்டார் நல்கிய உதவியொடு குந்தா மின்திட்டத்துக்காகத் தோன்றியவை. இவற்றுள் எதனையும் முனிவர் எவரும் கண்டிலர். எதற்கும் தலபுராணம் இல்லை. இதனை அன்பர்க்கு முன்னரே சொன்னோம். அவரோ, “நீர் யாண்டுத் தேங்கினும் நீரே, மலையுச்சியிற் தேங்கிய நீர் தூயதன்றோ” என்று செம்பைத் துலக்கி வைத்துக்கொண்டார்.

2018 மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில் நடைசென்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டமை யாவரும் அறிவர். அதன் பின்னர் மலைநடைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2024இன் இறுதியில் தமிழ்நாட்டு அரசினர் 40 வழிகளை வகுத்து, அவ்வம் மலைவாணரையே வழிகாட்டுவோராகப் பயிற்றிப் பொதுமக்களை அனுப்பத் தலைப்பட்டனர். நீலமலையில் பார்சன் பள்ளத்தாக்கினின்று முக்குருத்திக் குடில் வரை ஒரு வழியும், அவலாஞ்சியினின்று கோலாரிபெட்டா வரை ஒரு வழியும் அவற்றுட் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஒருநாள் நடையே. இத்திட்டம் தொடங்கியபின் வந்த தை மாதத்தில், அவ்வன்பரும் யாமும் மற்றொரு நண்பருமாக, முதல் நாளிலும் மூன்றாம் நாளிலும் இவ்விரு வழிகளை நடப்பதென்றும், இடைநாளில் பைக்காராப் பக்கத்துப் புல்வெளிகளைக் காண்பதென்றும் துணிந்தோம். எமக்கு வாய்த்த வழிகாட்டி தோடர் குலத்து இளைஞர். மிகுதியாகப் பேசார், பேசுவன தமிழிலும் தெளிவாகப் பேசுவார்.

முதல் நாள் நடையைப் பற்றி விரித்தல் வேண்டா. விடியலில் புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்திருந்தது. மடிப்புத்தோறும் சோலைக்காடு, மேடெங்கும் புல், பள்ளந்தோறும் கால் புதையும் சதுப்பு. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாய்க் கசிய விடுவது இச்சதுப்பும் புல்லுமே என்று வழிகாட்டி கூறினார். நீலமலையின் மெய்யான ஏரி அதுவே போலும். கண்ணுக்கு ஏரியாகத் தோன்றாமையின் அதனை நாடி நடப்பார் இலர். மேற்றிசையில் 8,000 அடிக்கு மேல் உயர்ந்து மூக்குப்போல் வளைந்து நிற்கும் முக்குருத்திச் சிகரத்தைக் கண்டதும் அவ்விளைஞர் வலக்கையை நெற்றிக்கு உயர்த்தி ஒரு நொடி நின்றார். தோடர் தம் நாட்டுச் சிகரங்கள் பலவற்றைத் தெய்வங்களின் இருக்கை என்பர். இறந்தாருலகாகிய அம்நோர் மேற்றிசையில் உளதென்பதும் அவர் கொள்கை.

இரண்டாம் நாள் நிகழ்ந்ததே எம் கட்டுரைக்கு வித்து. ஒரு மந்தின் அருகே சென்றோம். மந்தென்பது தோடர் குடியிருப்பு. குடிசைகளுக்குச் சற்று அப்பால், கல்மதிலால் வளைக்கப்பெற்று, கூரை வில்லென வளைந்த பாற்கோயில் ஒன்று இருந்தது. தோடரின் கோயில் பிறர் கோயில் போன்றதன்று. எருமைப் பாலைக் கறந்து, உறையிட்டு, கடைந்து, வெண்ணெயும் நெய்யும் எடுக்கும் மனையே அவர்க்குக் கோயில், அவ்வினையே வழிபாடு, அதனைச் செய்வோனே பூசகன். அதன் மேற்புறத்தே ஒரு சிற்றோடை பளிங்குபோல் ஒழுகிற்று. எம் அன்பர் அதனைக் கண்டதும், “இதுவன்றோ யாம் தேடிவந்த தீர்த்தம்” என்று மேலாடையைக் களைந்து, செம்பொடு இறங்கப் புகுந்தார். வழிகாட்டி விரைந்து முன்வந்து, “ஐயா, அந்த நீர் கோயிலுக்கு உரியது. அதில் நாங்களே கால் வைக்கமாட்டோம். குளிப்பதாயின் கீழே வேறோர் ஓடை உண்டு, காட்டுகிறேன்” என்றார். அன்பர் திகைத்தார், பின் வெகுண்டார். “மானசவாவியிலேயே மூழ்கியெழுந்த என்னை, தம்பி, இவ்வோடை தடுக்குமோ?” என்றார். இளைஞர் மறுமொழி கூறிற்றிலர். ஆயினும் வழியை விட்டும் விலகிற்றிலர்.

அன்றிரவு உதகையில் தங்கிய இடத்தில் இதுபற்றி நெடுநேரம் வழக்காடினோம். அன்பர் கூறியவற்றின் சுருக்கம் இது: இறைவன் எங்கும் நிறைந்தவன், நீர் ஐம்பூதங்களுள் ஒன்று, அவன் அட்டமூர்த்தங்களுள்ளும் ஒன்று. அதனை ஒரு குலத்தார் தமதென வேலியிட்டுக்கொள்ளல் அறமாகாது. அன்புடையான் ஒருவன் புனிதமென்று கருதிப் படியும் நீரை மறுத்தல் அன்பையே மறுத்தலாம்.

இவ்வழக்கை எளிதில் தள்ளுதற்கில்லை. இதற்கு விடைகாணப் புகுங்கால் எமக்கு முதற்கண் நினைவில் வந்தவர் திருநாவுக்கரசர். கங்கையிலும் காவிரியிலும் குமரித்துறையிலும் ஆடுவதனாற் பெறும் பயன் யாது, ஈசன் எங்கும் உளன் என்னும் உணர்வு இல்லாதார்க்கு எனக் கடிந்து கூறியவர் அப்பெரியார். அவர்தாமே கயிலையைக் காணும் வேட்கை மீதூர வடதிசை நோக்கி நடந்து, கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, கையும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்து, அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார் எனச் சேக்கிழார் உரைப்பர். நீராடுவதிற் பயனில்லை என்றவர் மலையை நாடி உடலைத் தேய்த்தது முரணன்றோ எனின், முரணன்று. அவர் கடிந்தது உணர்வில்லாச் செலவை. நடந்தது உணர்வு தாங்காமல். அச்செலவின் முடிவு யாது? முனிவர் வடிவில் வந்த இறைவன் ஆண்டுத் தான் உடன்கொணர்ந்த தடமொன்றில் மூழ்குக என்றான். மூழ்கியவர் எழுந்தது கயிலையில் அன்று, திருவையாற்றுக் குளத்தில். அத்தடம் மானசவாவியே என இக்காலத்துச் செல்வோர் சிலர் சொல்லிவருகின்றனர். அது பத்தியால் எழுந்த துணிபு, அவ்வளவே. எழுந்தவர் கண்முன் வந்தவை பிடியொடு கூடிய களிறும், பெடையொடு கூடிய சேவலும், இன்னபிற உயிர்களுமே. அவற்றையெல்லாம் அம்மையப்பராகக் கண்டார். உயர்ந்த மலைமேல் நீரிற் குளித்த அப்பர்க்குக் கிடைத்தது மலையன்று, நீரன்று. தம் ஊர்த் தெருவில் வரும் யானையைக் காணும் கண்.

இதனை எடுத்துரைத்ததும் அன்பர், “அப்படியாயின் எந்நீரும் ஒன்றே என்பது எம் கட்சிக்கே துணையாயிற்று” என்றார். ஆகாது. எந்நீரும் ஒன்றாயின், கீழுள்ள ஓடையில் அவர் குளித்திருக்கலாமே! மேலோடையே வேண்டுமென நின்றது, அதற்கு ஒரு சிறப்பு உண்டென அவரே ஒப்பியதாயிற்று. அச்சிறப்பை ஆக்கியவர் யாவர் என்பதே வினா.

மெய்கண்டார் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் நூற்பாவில் திருவேடத்தையும் திருக்கோயிலையும் வழிபடுக என்ற இடத்து வரும் உவமை சித்தாந்தம் பயில்வார்க்குப் புதிதன்று. இறைவன் எங்கும் பாலில் நெய்போல் மறைந்து நிற்பான். அடியாரிடத்தும் கோயிலிடத்தும் தயிரில் நெய்போல் விளங்கித் தோன்றுவான். பாலிலும் நெய் உண்டு. ஆயினும் பாலைப் பிழிந்து நெய் எடுத்தார் எவருமிலர். இவ்வுவமையைப் பாற்கோயிலின் முன் நின்று எண்ணியபோது எமக்கு ஒரு புதுமை தோன்றிற்று. நம்மவர்க்கு உவமையாவது தோடர்க்குத் தொழிலாயிருந்தது. 1901, 1902 ஆம் ஆண்டுகளில் நீலமலையில் தங்கி, 1906இல் தோடர் என்னும் பெருநூலை வெளியிட்ட ரிவர்சு என்னும் ஆங்கில அறிஞர் இவ்வழிபாட்டை நுணுக்கமாக வரைந்துள்ளார். புதிய பாலுக்குப் பழைய கலத்து உறைமோரை ஊற்றியே உறையிடுவர். அவ்வுறைமோரின் தொடர்ச்சி எக்காரணத்தாலேனும் அற்றுப்போமாயின், புதியது ஆக்குதற்கெனத் தனிச் சடங்கே உண்டு. ஓடும் நீர் ஒன்றே ஆயினும் கோயிலுக்குரிய நீர் இது, மனைக்குரிய நீர் இது என்று பகுத்துக்கொள்வர். கோயில் நீரைப் பூசகனன்றி ஏனைத் தோடரும் கையாளார். அவ்வோடையின் தெளிவு மலையால் வந்தது. அதன் புனிதம் அங்ஙனம் வந்ததன்று. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தார் அதனைத் தொடாது காத்தமையால் உறைந்த தயிர் அது. தயிர் உறையுங்கால் கலத்தை அசைத்தல் கூடாதென்பது நம் இல்லத்துச் சிறுமியும் அறிவாள். எம் அன்பர் அக்கலத்திற் கையை இட முற்பட்டார்.

இன்னும் ஒன்று. நமக்குப் புனித நீரென்பது மூழ்குதற்குரியது. தோடர்க்கு அது விலகி நிற்றற்குரியது. இரண்டும் வழிபாடே. மானசவாவியிலும் இவ்வேறுபாடு உண்டு. நம்மவர் அதிற் படிந்து ஆடி வந்தனர். திபெத்தியரோ பெரும்பாலும் அதனை வலம்வந்து வணங்கி, சிறிது நீர் பருகி அமைவர். நம் கோயில்களிலும் திருமஞ்சனக் கிணற்றில் எவரும் இறங்கிக் குளிப்பதில்லை. இதனைச் சொன்னபோது அன்பர் சிறிது நேரம் வாய்வாளாதிருந்தார். திருமஞ்சனக் கிணறென்ற சொல் அவர் உள்ளத்திற் பட்டது.

ஆயினும் எம் மற்றொரு நண்பர் எழுப்பிய தடையே கடியது. “நீரைத் தொடாதே என்பதை நம் நாட்டிற் கேளாத செவி எது? மகாடு என்னும் ஊரின் சவதார் குளத்து நீரை ஒரு கை முகந்து பருகுதற்கு அம்பேத்கர் 1927இல் ஆயிரவரைத் திரட்டிச் செல்லவேண்டியிருந்ததே. திருநாளைப்போவார் திருப்புன்கூர்க் கோயிலின் புறத்தே நின்றதை மறந்தீரோ? அங்கே கொடுமையாவது இங்கே வழிபாடாவது யாங்ஙனம்?” என்றார் அவர்.

இதற்கு யாம் கண்ட விடை முழுமையானதென்று சொல்லமாட்டோம். மகாடுக் குளம் ஊர்ப்பொது. அதனை மற்றெல்லாரும் பருகினர், விலங்கும் பருகிற்று. ஒரு கூட்டத்தார் மட்டும் இழிந்தவரென விலக்கப்பட்டனர். அவ்விலக்கின் வேர் நீரின்மேல் வைத்த மதிப்பன்று, மக்கள்மேல் வைத்த இகழ்ச்சி. மந்தின் ஓடையிலோ விலக்குதற்கு முன் தம்மையே விலக்கிக்கொண்டவர் தோடர். எம்மைத் தடுத்த இளைஞர் எம்மை இழிந்தவரென்றிலர். தாமும் கால் வைப்பதில்லை என்றார். குளித்தற்கு வேறு நீரையும் காட்டினார். தன்னை முதற்கண் கட்டி, வந்தவன் விடாயையும் தீர்க்கும் விலக்கு ஒன்று. தன்னை உயர்த்திக்கொண்டு பிறனை விடாயோடு நிறுத்தும் விலக்கு மற்றொன்று. இவற்றை ஒன்றெனல் பொருந்தாது. அற்றேல், தோடர் மரபில் மகளிர் பாற்கோயிலின் பக்கமும் அணுகாவாறு விலக்கப்பட்டமை எவ்வகையைச் சேர்ந்தது என நண்பர் மீட்டும் கேட்டார். அதனை முன்னைய வகையில் அடக்க எம் மனம் இசையவில்லை. நம் கோயில்களிலும் அத்தகைய கணக்குகள் தீர்க்கப்படாமற் கிடக்கின்றன. ஆயினும் அவர்தம் கணக்கை அவர் மகளிரும் ஆடவரும் தீர்த்துக்கொள்ளட்டும். அதனைக் காட்டி, குளிக்க விழைந்த வழிப்போக்கன் உள்ளே புகுதல் தகாது.

இனி அணைகளின் பக்கம் வருவோம். பைக்காரா, அவலாஞ்சி என்னும் இரண்டு ஆறுகளையும் தோடர் தெய்வமெனக் கொள்வர் என்றும், சில கிழமைகளில் அவற்றைக் கடவார் என்றும், கடக்க நேர்ந்தபோது போர்வையினின்று வலத்தோளை வெளிப்படுத்திப் பணிந்து கடப்பர் என்றும் ரிவர்சு எழுதியுள்ளார். அவர் வந்து சென்ற முப்பதாண்டுக்குள் முதலாறும், அறுபதாண்டு அளவில் இரண்டாம் ஆறும் தேக்கப்பட்டன. இன்று படகு விடும் ஏரியெனவும், கண்கவர் காட்சியெனவும் மக்கள் திரண்டு காண்பது அத்தெய்வங்கள் மூழ்கிய இடத்தை. இதனைச் சினந்து எழுதுதல் எளிது. ஆயினும் அவ்வாற்றின் மின்னால் ஆலைகள் ஓடின, ஊர்கள் விளக்கேற்றின. யாம் இதனை எழுதும் மேசைமேல் எரியும் விளக்கும் எந்த ஆற்றின் கொடையோ, அறியோம். மின்னைத் துய்த்துக்கொண்டு அணையைப் பழித்தல் பொய்யொழுக்கம். எம்மை உறுத்துவது வேறு. ஓர் ஆறு தேக்கப்படும் முன், அதனைத் தெய்வமென்பார் இவர் என்ற எண்ணம் வரைந்தோர் உள்ளத்தில் எழுந்ததோ? இரண்டாயிரம் பேரளவினதாகிய ஒரு சிறுகுடியின் தெய்வமாதலால் எழாதிருந்ததோ? காவிரியையோ கங்கையையோ தொடப்புகுவார் ஆயிரம் முறை கைகூப்பிவிட்டே தொடுவர். எண்ணிற் சிறியார் தெய்வத்துக்கு அக்கைகூப்பும் கிட்டுவதில்லை. செம்பொடு ஓடையில் இறங்க முற்பட்ட எம் அன்பரிடத்தும் யாம் கண்டது இம்மனமே; அவரைச் சுட்டும் விரல் எம்மையும் சுட்டும். அவர் இறங்கப் புகுந்தபோது தடுத்தவர் இளைஞர், யாம் அல்லேம். யாம் எம் காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தோம்.

வழிகாட்டுவோனைக் குரவனொடு ஒப்பிட்டுப் பேசுதல் நம்மவர் வழக்கம். அஃது ஈண்டு அளவிறந்தது ஆகும். அவர் கூலிக்கு வந்தவர். மாலையில் கணக்கு முடித்துக்கொண்டு வீடு செல்பவர். எனினும் ஐம்புலன்களாகிய வேடர் நடுவே வளர்ந்து தன்னை மறந்த அரசிளங்குமரனுக்கு அவன் யாரென உணர்த்துதலே குரவன் தொழில் என நம் நூல்கள் கூறுமாதலின், நூறு பேர் நடந்த வழியைக் காட்டுவதினும், இவ்விடத்து நில் என்று சொல்லும் இடத்திலேயே வழிகாட்டியின் அருமை புலனாகின்றது என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றோம். கூலி கொடுத்தவன் சினப்பான் என்று அறிந்தும் அவ்விளைஞர் அதனைச் சொன்னார்.

மூன்றாம் நாள் அவலாஞ்சியினின்று கோலாரிபெட்டாவை நோக்கி ஏறினோம். காற்றுக் கடிதாய் வீசிற்று. அன்பர் இருமுறை அமர்ந்து எழுந்தார். நேற்றைய பேச்சினால் அவர்க்கு வழிகாட்டியொடு பேசக் கூச்சமாயிருந்தது. ஆயினும் ஏற்றத்தில் இளைஞர் கைகொடுத்தபோது பற்றிக்கொண்டார். மேட்டில் நின்று திரும்பிப் பார்க்கையில் கீழே நீர்த்தேக்கம் மலைகளின் இடுக்குகள்தோறும் புகுந்து நீலமாய்க் கிடந்தது. இளைஞர் அதனை நோக்கி நின்று, மேற்சட்டையின் வலக்கையைக் கழற்றித் தோளை வெளிப்படுத்திக் கையை நெற்றிக்கு உயர்த்தினார். அன்பர் மெல்ல அவரருகே சென்று, “ஏரியையோ தம்பி வணங்குவது?” எனக் கேட்டார்.

“இல்லை ஐயா, ஆற்றை.”

“ஆறு எங்கே?”

“அடியில் இருக்கிறது.”

அன்பர் நீரை நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தார். இறங்கிவரும் வழியில், சாலைக்குச் சற்று மேலே, ஆடு மேய்ப்பாரும் விறகு கொணர்வாரும் நீர் குடிக்கும் ஒரு கசிவு இருந்தது. அவர் பையினின்று செம்பை எடுத்து, வழிகாட்டியை நோக்கி, “இதில் முகக்கலாமா?” என்றார். முகக்கலாம் என்று அவர் தலையசைத்தபின் முகந்துகொண்டார். அந்நீர் இன்னும் அவர் இல்லத்துப் பூசை மாடத்தில் மானசவாவி நீரின் பக்கத்தில் இருக்கின்றது. எது எந்நீர் என அவர் சீட்டு ஒட்டினாரல்லர்.